கிளிப் முதலில், உதடு கடைசியில்

பல் கிளிப் கழற்றி, உதட்டு வேலையும் முடிந்து, இப்போதுதான் மூச்சு விடுகிறேன். சிரிப்பு நான் ஆசைப்பட்ட மாதிரியே வந்திருக்கிறது. ஆனால் திருகோணமலையில் இருந்துகொண்டு ஸ்மைல் டிசைன் (சிரிப்பு எப்படி வரவேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிடுவது), கிளிப், லிப் பில்லர் (உதட்டை நிரப்பும் ஊசி) மூன்றையும் செய்ய நினைப்பவர்கள், என்னை அலைக்கழித்தவற்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

முதல் கோபம் கொழும்பில் நான் போன கிளினிக்கில். எனக்கு மேல் முன்பல் துருத்தியிருந்தது, மேலுதடும் மெல்லிசு. டிசைன் பார்க்கப் போனவளிடம், "இண்டைக்கே பில்லர் போட்டா விலைக்கழிவு இருக்கு" என்று விடாமல் நெருக்கினார்கள். துருத்திய பல்லைக் கிளிப் போட்டு உள்ளே இழுத்தால், அதன் மேல் சாய்ந்திருக்கும் மேலுதடும் கொஞ்சம் பின்னால் போகும். அதற்கு முன்பே உதட்டை நிரப்பினால் கணக்கெல்லாம் பிழைத்துவிடும். தவிர, ஹயலுரோனிக் அமில பில்லர் பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் கரைந்துவிடும். கிளிப்போ ஒன்றரை, இரண்டு வருட வேலை. பில்லர் மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

டிசைன் வேலை மட்டும் அங்கே பிரச்சினை இல்லாமல் நடந்தது. படம், வீடியோ, வாய்க்குள் ஸ்கான், கடைசியில் பல்லின் மேல் தற்காலிகமாக ஒட்டிக் காட்டிய மாதிரி. கண்ணாடியில் அதைப் பார்த்தபோது உண்மையிலேயே அழுதுவிட்டேன்.

தலையிடி அதற்குப் பிறகுதான். கிளிப்புக்குக் கண்டியில் ஒரு டொக்டரைப் பிடித்திருந்தேன். கொழும்பு கிளினிக்கின் வரவேற்பில் கொடுத்த பளபள அட்டையை, இப்போதைய சிரிப்பும் வரப்போகும் சிரிப்புமாக இரண்டு படம், கவரோடு கொண்டுபோய் நீட்டினேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "படத்தை வச்சு நான் பல்லை நகர்த்த ஏலாது, பிள்ளை. ஸ்கான் ஃபைல் வேணும். பக்கவாட்டு எக்ஸ்ரேயும் வேணும்." என் கையில் இருந்தது தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி மட்டும். தாடையும் பல்லும் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்று பார்க்கத் தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் செபலோமெட்ரிக் எக்ஸ்ரே வேண்டுமாம். இதை யாராவது போனில் சொல்லியிருந்தால், விடிய எழும்பி பஸ் ஏறி வெறுங்கையோடு திரும்பியிருக்கத் தேவையில்லை.

கொழும்பில் ஃபைலைக் கேட்டால், "வெளியே கொடுக்கிறதில்லை" என்றார் வரவேற்பில் இருந்தவர். என் வாய், என் காசு, என் ஸ்கான்! விடவில்லை. எழுத்தில் கேட்டு, டிசைன் செய்த டொக்டருக்கே மின்னஞ்சல் போட்டேன். அன்று இரவே ஸ்கானின் முப்பரிமாண எஸ்டிஎல் ஃபைல்களை அனுப்பிவிட்டார். மனுசன் நன்றாக இருக்கட்டும். நீங்கள் காசு கட்டும் முன்பே "ஸ்கான் ஃபைல் என் கைக்கு வருமா?" என்று கேட்டுவிடுங்கள்.

கிளிப் போட்ட காலம் சாதாரணமாகப் போனது. கம்பி கன்னத்தில் குத்தினால் மெழுகு வைத்துச் சமாளிக்கலாம். ஒருமுறை அதுவும் சரிவராமல், உவர்மலையில் ஒரு பல் டொக்டர் நுனியை வெட்டிவிட்டார்.

பில்லரைக் கிளிப் கழற்றி, நகர்த்திய பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் பழகிய பிறகுதான் போட்டேன், வேறோர் இடத்தில். ஊசி போட முன் நான் கேட்டது ஒன்றுதான்: ஹயலுரோனிடேஸ் கையிருப்பில் இருக்கிறதா? பில்லர் இரத்தக் குழாயை அடைத்தால் உதடு வெளிறும், கடுமையாக வலிக்கும். உடனே கரைக்க அந்த மருந்துதான் வேண்டும். டொக்டர் அலுமாரியைத் திறந்து குப்பியைக் காட்டிய பிறகே கதிரையில் சாய்ந்தேன். ஊசி போட்ட அன்றே இரவு ரயில் ஏறாதீர்கள். நடுவழியில் உதடு வெளிறினால் எங்கே ஓடுவது? நான் மாமி வீட்டில் தங்கி, வீக்கம் வற்றிய பிறகே ஊருக்கு வந்தேன். உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள், மாத்திரை தருவார்கள். பல் சுத்தம் செய்வது போன்ற வேலைகளையும் இரண்டு வாரமாவது தள்ளிவையுங்கள்.

அம்மா ஸ்டேஷனில் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "சொண்டு செய்த மாதிரியே தெரியேல்லையே" என்றா. அரை மில்லிதான் போட்டேன், அது போதும் என்று டொக்டரே சொன்னார். கையில் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ரிட்டெய்னருக்கு வையுங்கள். பில்லர் இல்லாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாது, ரிட்டெய்னரை விட்டால் பல் பழைய இடத்துக்கு நகரத் தொடங்கிவிடும்.