பால் மறந்த பதினொன்று

பெப்ரவரி 9
28 நாள். பதினொரு பன்றிக்குட்டியையும் தாயிடமிருந்து பிரித்தாயிற்று. தாய்ப்பண்டி இரா முழுக்கக் கொட்டிலைக் கிண்டிக்கொண்டு நின்றது. தீனில் இந்த முறை அன்டிபயோட்டிக் பொடி இல்லை. நூற்றுக்கு ஒரு பங்கு சித்திரிக் அமிலம் மட்டும்.

பெப்ரவரி 10
கறுப்புக்காதன் ஒள்ளுப்பமும் தின்னவில்லை.

பெப்ரவரி 11
மண்முனைப் பாலத்தால் போய் அம்மாவைப் பார்த்து வந்தேன். அவளின் சிறுநீர் சோதித்த தாள் வந்திருக்கு. மருந்துப் பெயர்களுக்கு நேரே R, R, R என்ற ஆங்கில எழுத்து. "அண்ணன், இதுகள் இனி வேலை செய்யாது" என்றது தாதிப் பிள்ளை. மூன்றாவது பெயர் எனக்குப் பழக்கம். போன ஈற்று வரைக்கும் வாளிக்கு ஒரு கரண்டி கலந்த பொடி அதுதான். அதனால்தான் அம்மாவுக்கு இப்படி என்று சொல்லேலாது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சுவீடனில் 1986இலேயே, வளர்ச்சிக்கென்று தீனில் கலப்பதை நிற்பாட்டிவிட்டார்கள். ஐரோப்பா முழுக்க 2006.

பெப்ரவரி 13
மூன்றுக்கு வயிற்றால் போகிறது. மஞ்சள் தண்ணி, வாலடியில் காய்ந்து பிடித்திருக்கு. மாமா வேலிக்கு அங்கால நின்று, "பொடியப் போடு மனே. மறுகா அழுதென்ன?" மிருக வைத்தியர் வேறு கதை: படுத்த குட்டிக்கு ஊசி, மற்றதுகளுக்கு உப்பும் சீனியும் கரைத்த தண்ணி. நாக ஒட்சைட்டு, அதுதான் சிங்க் ஒக்சைட், கேட்டேன். அது வயிற்றோட்டத்தை நிற்பாட்டும்தான்; முக்கால்வாசியும் சாணத்தோடு வந்து மரவள்ளித் தோட்டத்து மண்ணில் தங்கும். 2022இல் ஐரோப்பாவில் மருந்தாகக் கூடின அளவில் அதைத் தீனில் போடுவதும் தடை.

பெப்ரவரி 14
கறுப்புக்காதனுக்கு ஊசி.

பெப்ரவரி 16
மடையன் நான். சிப்பித்தூள்! எலும்புக்கு நல்லதென்று வாவிச் சிப்பியை இடித்து அள்ளிப் போட்டிருக்கிறேன். கோப்பையில் அதையும் சித்திரிக்கையும் போட்டுத் தண்ணி விட்டேன். சுர்ரென்று நுரைத்து அடங்கியது. நாக்கில் தொட்டால் புளிப்பே இல்லை. முலைப்பால் நின்ற குட்டிக்கு இரைப்பை போதியளவு புளிக்காது, அதனால்தான் ஈ. கோலைக் கிருமி தப்பிக் குடலுக்குள் இறங்குது. நான் போட்ட புளிப்பைச் சிப்பி தின்றிருக்கு. ஒரு கிழமை!

பெப்ரவரி 17
சிப்பித்தூள் இல்லை. சோயாப் புண்ணாக்கும் குறைத்தேன். செமிக்காத புரதம் கிருமிக்குத்தான் சாப்பாடு. மாமா கற்பூரவள்ளி ஒரு கட்டு கொண்டுவந்தார். கிருமியை அடக்குமென்று எண்ணெயாக விற்கும் கார்வக்ரோல் அந்த இலையிலும் இருக்கு, ஒரு இலைக்கு எவ்வளவென்று ஆர் நிறுப்பது?

பெப்ரவரி 18
அம்மாவுக்கு ஊசி மாற்றியிருக்கு. காய்ச்சல் 101.

பெப்ரவரி 19
பத்து.

பெப்ரவரி 22
சாணம் இறுகுது. இரண்டு பேரின் வால் மட்டும் ஈரம். அம்மா கஞ்சி குடித்தாளாம். தாள் இன்னும் பையில்தான், மடிப்பில் கிழியத் தொடங்கிற்று. சிப்பிச் சாக்கைக் கொட்டிலிலிருந்து தூக்கிக் கிணற்றடியில் போட்டுவிட்டு