இன்சியாட் எம்பிஏ: விண்ணப்பிக்கும் முன் யோசிக்க வேண்டியவை

இன்சியாட் வணிகப் பள்ளியில் எம்பிஏ படிக்க விரும்புவோர் பெரும்பாலும் அதற்கான நுழைவுத் தேர்வுகளில் ஒன்றான ஜிமேட்டின் மதிப்பெண்ணைப் பற்றியே என்னிடம் முதலில் கேட்கிறார்கள். எந்த மாதம் சேர்வது என்பதே அதற்கும் முன்னதாகத் தீர்மானிக்க வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. 1957-இல் பிரான்சின் ஃபோந்தேன்ப்ளோவில் தொடங்கப்பட்டு, 2000-இல் சிங்கப்பூரிலும் பின்னர் அபுதாபியிலும் வளாகம் அமைத்த இப்பள்ளியில், எம்பிஏ படிப்புக்காலம் 10 மாதங்களே. ஜனவரியில் சேர்பவர்களுக்குக் கோடையில் இன்டர்ன்ஷிப் செய்ய இடைவெளி கிடைக்கிறது. ஆகஸ்டில் சேர்பவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே, இதுவரை பார்த்த வேலையிலிருந்து முற்றிலும் வேறான துறைக்கு மாற நினைப்பவர்கள் ஜனவரியைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. பழைய நிறுவனத்துக்கே திரும்புபவர்களுக்கு எந்த மாதமானாலும் பெரிய வேறுபாடில்லை.

ஜிமேட் தேர்வு இப்போது 64 கேள்விகளுடன் 2 மணி 15 நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. மதிப்பெண் 205 முதல் 805 வரை. ஒவ்வொரு பகுதியிலும் நேரம் மீதமிருந்தால் 3 விடைகள் வரை மாற்றலாம் என்பதால், ஐயமுள்ள கேள்விகளைக் குறித்து வைத்துக்கொண்டு முன்னே செல்லும் பழக்கத்தை மாதிரித் தேர்வுகளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

விண்ணப்பக் கட்டுரைகளில் உங்கள் பலம், பலவீனம் இரண்டையும் வெளிப்படையாக எழுதச் சொல்வார்கள். 'அளவுக்கு மீறி உழைப்பதே என் பலவீனம்' என்பது போன்ற விடைகள் யாரையும் நம்பவைப்பதில்லை. முதற்கட்டத் தேர்வில் தேறியவர்களை நேர்காணல் செய்பவர்கள் முன்னாள் மாணவர்கள். படிப்பின் வேகத்தை அனுபவித்து அறிந்த அவர்களிடம், வளாகங்களின் பெருமையைப் பேசுவதைவிட, 10 மாதங்களில் எதைக் கற்றுக்கொண்டு எங்கே செல்லப்போகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்வதே பயன் தரும்.

சேர்ந்த பிறகு உங்களை மிகுதியாகச் செதுக்குவது படிப்புக் குழுதான். வெவ்வேறு நாடுகளையும் தொழில்களையும் சேர்ந்த ஐந்தாறு பேரைப் பள்ளியே ஒன்றுசேர்த்து, தொடக்கப் பருவங்களில் பல பாடங்களின் குழுப்பணிகளை அவர்களிடம் ஒப்படைக்கிறது. ஒரு நிறுவனத்தை மதிப்பிடும் பயிற்சியில், எங்கள் குழுவில் வங்கித் துறையிலிருந்து வந்தவர் எக்செல் தாளை வெகு விரைவாக முடித்துவிட்டார். தொழிற்சாலையில் பணியாற்றிய தோழியோ, ஐந்தாம் ஆண்டில் இவ்வளவு உற்பத்தி வேண்டுமென்றால் புதிய இயந்திரங்கள் வாங்க வேண்டுமே, அதற்கான முதலீடு இதில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கணக்கை மறுபடியும் முதலிலிருந்து போட்டோம். இத்தகைய விவாதங்களில் பங்கெடுக்க, இருப்புநிலைக் குறிப்பையும் பணப்புழக்க அறிக்கையையும் படிக்கும் அளவுக்காவது கணக்கியலைக் கற்றுக்கொண்டு செல்லுங்கள். அங்கே அடிப்படைகளை நிதானமாகக் கற்க நேரம் கிடைக்காது.

வளாகம் மாறும் வாய்ப்பு பிற்பகுதியில்தான் வருகிறது. வேலை தேட விரும்பும் நாட்டின் வளாகத்தில், ஆள் தேர்வு நடக்கும் பருவத்தில் நீங்கள் இருக்கும்படி திட்டமிடுங்கள். பிரான்சுக்கும் சிங்கப்பூருக்கும் மாணவர் அனுமதி தனித்தனியாகப் பெற வேண்டியிருப்பதால், அந்த ஆவணங்களை மாறும் நேரம் நெருங்கும்வரை தள்ளிப்போடாதீர்கள். தங்குமிடத்துக்கு, எதிர்த்திசையில் மாறிச் செல்லும் மாணவர்களிடம் முன்கூட்டியே விசாரித்தால், அவர்கள் காலி செய்யும் அறையே பெரும்பாலும் கிடைத்துவிடும்.