சிஸ்பாரா சரிவில் சீகை நாற்றுகள்

வனக்காப்பாளராகச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் நீலகிரியின் முக்கூர்த்தி தேசியப் பூங்காவில் தென்மேற்கு மூலைக்கு என்னை மாற்றினார்கள். அப்பர் பவானியைத் தாண்டிப் பங்கித்தபால் முகாம். அங்கிருந்து சிஸ்பாரா கணவாய்க்கு நடைதான். 19ஆம் நூற்றாண்டில் கோழிக்கோட்டிலிருந்து நீலகிரிக்கு ஏறிய பாதை அது. இன்று அதில் கடமானின் குளம்புத்தடம்தான் தெரிகிறது. விளிம்பில் நின்றால் மலை சட்டென்று அறுந்து, கீழே கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு கருத்துக் கிடக்கும்.

வெறும் புல்மேடு என்றுதான் முதலில் நினைத்தேன். மரம் இருந்தால்தான் காடு என்று படித்து வந்தவன் நான். மலை மடிப்புகளில் சோலைக்காடு ஒதுங்கியிருக்க, திறந்த சரிவில் புல் மட்டும் ஏன் நிற்கிறது என்பதை ஜனவரி இரவின் உறைபனி கற்றுத்தந்தது. சோலை மரத்தின் இளங்கன்று அந்தப் பனியில் கருகிவிடுகிறது.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரம் (வாட்டில்) அப்படிக் கருகுவதில்லை. புல்வெளியில் அது அடர்ந்தால் வரையாட்டுக்கு மேய்ச்சல் போகிறது. ஆபத்து வந்தால் பாறைக்கு ஓடித் தப்புகிற விலங்கு, தூரத்தைப் பார்க்க முடியாமல் தவிக்கிறது. ஒரு கோடையில் அந்தச் சரிவின் சீகை மரங்களை வெட்டி முடித்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மழை விழுந்ததும் வெட்டிய இடம் முழுவதும் கீரைப்பாத்தி போல நாற்று.

உடன் வந்த மூத்த வேட்டைத் தடுப்புக் காவலர் குனிந்து ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார்.

“மரத்தை வெட்டிவிட்டோம் சார். மண்ணுக்குள் இருக்கும் விதையை என்ன செய்வது?”

பல பத்தாண்டுகள் உயிரோடு மண்ணில் காத்திருக்கும் விதை அது. தீ பட்டால் இன்னும் வேகமாக முளைக்கும். அன்றுமுதல் தென்மேற்குப் பருவமழையில், மண் இளகிய நாட்களில், கையால் பிடுங்கினோம். வேர் அறுந்தால் அவர் திரும்பி வந்து தோண்டுவார். விரல் மரத்துப்போகும், அட்டைக்கடி வேறு. அவர் ஒருநாளும் அவசரப்பட்டதில்லை. எத்தனை ஏக்கர் முடிந்தது என்று மேலே எழுதி அனுப்பும் படிவத்தில் இந்த உழைப்புக்கு இடமே இல்லை. எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு.

2024இல் தமிழ்நாட்டின் வரையாட்டுக் கணக்கெடுப்பில் 1,031 என்று செய்தி வந்தபோது நான் சமவெளியில் வேலையில் இருந்தேன். உடனே அவரை அழைத்தேன்.

“அண்ணே, நம் சரிவில் நாற்று வருகிறதா?”

“இந்த வருடமும் வந்திருக்கிறது சார். முன்பைவிடக் குறைவு. மழை பிடித்ததும் போகிறோம்.”