அம்மாவின் தையல் மெசின்

2025 மே 11

பக்கத்து வளவு அன்ரி நாலு பழைய சேலையோடு வந்தார். சந்தைக்குக் கொண்டுபோகப் பை தைக்க வேண்டுமாம். அம்மா சேலைகளைத் தொடவேயில்லை.

"சட்டை எண்டால் தைச்சுத் தாறன். பை தைக்க மாட்டன், குறை நினையாதேங்கோ."

அன்ரி பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். அவரும் கடைசிச் சண்டையின்போது மாத்தளனில் இருந்தவர்தான்.

மே 13

பிள்ளை தூங்குகிறாள். எழுதிவிடுகிறேன்.

2009 தை மாதம் விசுவமடுவை விட்டு வெளிக்கிட்டபோது அப்பா உழவு இயந்திரப் பெட்டியில் முதலில் அரிசியை ஏற்றினார், அடுத்ததாக அம்மாவின் மெசினை. சுதந்திரபுரம், இரணைப்பாலை, பிறகு மாத்தளன். எனக்கு அப்போது பத்து வயது. அதுவரை வெட்டிய பங்கர்கள் இறுகிய மண்ணில் நின்றன. மாத்தளனில் கடற்கரை மணல், வெட்ட வெட்டச் சரியும். மண்மூட்டை அடுக்கினால்தான் நிற்கும். உரப்பைகள் முடிந்ததும் சனம் சேலைகளைக் கொண்டு வந்தது. தறப்பாளுக்குக் கீழே இருந்து அம்மா தைத்துக்கொண்டே இருந்தார். கடைசியாகத் தன்னுடைய கல்யாணக் கூறையை வெட்டினார். அரக்கு நிறம். அந்த மூட்டையில்தான் நான் சாய்ந்து படுப்பேன், சரிகை முதுகில் உறுத்தும்.

ஒரு மத்தியானம் ஷெல் துண்டு அதைக் கிழித்து, மணல் என் காலில் கொட்டியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பா தண்ணீர் எடுக்க வெளியே போயிருந்தார்.

மே 15

வட்டுவாகல் பாலம் தாண்டும்போது எங்களிடம் ஒரு பை மட்டும்தான் இருந்தது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் ஒரு வருசத்துக்கு மேல். திரும்பி வந்தபோது வளவில் கிணறு மட்டும் மிச்சம். இப்போது இருக்கிற மெசின் பிறகு வாங்கியது. அதில்தான் பள்ளிச் சீருடை தைத்து அம்மா என்னைப் படிப்பித்தார்.

மே 18

எனக்குப் பிள்ளை பெற்ற துடக்கு, போகவில்லை. அம்மா தனியே முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போனார். வரும்போது எனக்கும் கஞ்சி கொண்டு வந்தார். அரிசி, தண்ணீர், உப்பு. சிரட்டையில் ஊற்றித் தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

மே 22

பிள்ளை பிறந்து இன்று 31ஆம் நாள். துடக்குக் கழிந்தது.

விடிய அம்மா அன்ரி வீட்டுக்குப் போய், அந்தச் சேலைகளில் ஒன்றைத் தானே கேட்டு வாங்கி வந்தார். நீல வொயில், தோய்த்துத் தோய்த்து மெத்தென்று இருந்தது. கூரை வளையில் ஏணை கட்டினார். முடிச்சை மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். பிறகு பிள்ளையை என் கையிலிருந்து வாங்கினார்.