இரண்டு தடவை பிரித்த ஆம்னி இன்ஜின்

எங்களுக்கு மைக் செட் தொழில். வண்டி 1997 மாடல் ஆம்னி, கார்புரேட்டர் வைத்தது, அப்பா காலத்திலிருந்து ஓடுகிறது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு பாக்ஸ், ஆம்ப்ளிஃபயர், ஒயர் சுருள், சீரியல் பல்பு மூட்டை எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு சித்திரையில் ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் கோயில் திருவிழா, கொடை என்று அலைவோம். போன வருஷம் ஆடியில் திசையன்விளை பக்கம் ஒரு சுடலைமாடன் கோயில் கொடைக்குப் போகும்போதுதான் வண்டி கைவிட்டது. பின்னால் நீலப் புகை, சூட்டு முள் மேலே ஏறிக்கொண்டே போகிறது, மூன்றாவது கியரிலும் இழுவை இல்லை. கடைசி ரெண்டு கிலோமீட்டருக்கு ஊர்க்காரர்கள் டிராக்டரில் கட்டி இழுத்தார்கள். கொடை பார்க்க வந்த கூட்டம் முழுக்க எங்களைத்தான் பார்த்தது.

தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். "ரிங் மட்டும் மாத்துனா போதும், போர் நல்லாத்தான் இருக்கு, நகத்த வச்சுப் பாத்துட்டேன்" என்றார். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றி கசிவை அடைக்கிற வளையம், போர் என்பது பிஸ்டன் ஓடுகிற சிலிண்டரின் உள்துளை. சீசன் நேரம், எனக்கும் அவசரம், சரி என்றுவிட்டேன். உப்புத்தாளை வைத்து சிலிண்டரை நாலு தேய், மண்ணெண்ணெய் விட்டு ஒரு துடை, புது ரிங், மூன்றே நாளில் வண்டி கையில். அறுநூறு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது, புகை திரும்ப வந்தது. இந்தத் தடவை லிட்டர் கணக்கில் ஆயில் குடித்தது.

ஐப்பசியில் மழை பிடித்ததும் வேலை கிடையாது. அப்போதுதான் உட்கார்ந்து யோசித்தேன். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜைக் கடன் வாங்கி, பிளக் ஓட்டையில் வைத்துப் பார்த்தால் ஒன்றாவது சிலிண்டர் 9 கிலோ, இரண்டாவது 7, மூன்றாவது எட்டரை. அப்புறம் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பார்த்தேன். இரண்டாவது ஏழிலிருந்து பத்துக்குத் தாவியது. ஆயில் விட்டதும் ஏறினால் கசிவு ரிங், போர் பக்கம். ஏறாமல் அப்படியே நின்றால் வால்வு பக்கமோ கேஸ்கட் பக்கமோ பார்க்கணும். இந்தச் சோதனைக்கு கால் மணி நேரம் போதும். ஆடியிலேயே செய்திருந்தால் முதல் செலவு மிச்சம்.

ஆம்னியில் முன் சீட்டைத் தூக்கினால் இன்ஜின் தலை தெரியும், ஆனால் முழுசாக எடுக்க கீழ் வழியாகத்தான் இறக்கணும். நானும் தம்பியும் ரெண்டு நாள் மல்லாந்து கிடந்து இறக்கினோம். பிளாக்கைக் கழுவி எக்ஸ்எல்லில் கட்டிக்கொண்டு டவுன் பக்கம் இருக்கும் ஒரு லேத்துக்கு (கடைசல் பட்டறைக்கு) போனேன். லேத் அண்ணாச்சி பிளாக்கைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார்.

"பிஸ்டன் எங்கவே?"

"போரிங் போட்டதும் வாங்கிரலாம் அண்ணாச்சி."

"பிஸ்டன் இல்லாம நான் எந்த அளவுக்குப் போட? ரெண்டு பிஸ்டன் ஒரே மாதிரியா இருக்கும்னு நினைக்கீரு? போய் வாங்கிட்டு வாரும்."

எனக்கு அதுவரைக்கும் இது தெரியாது. பழையதைவிடக் கொஞ்சம் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன் வாங்கி, ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து, அதோடு நூறில் நாலைந்து பங்கு மில்லிமீட்டர் இடைவெளி சேர்த்து அந்தந்த சிலிண்டரைக் கடையணும். பிஸ்டன் தலையில் ஒன்று, ரெண்டு, மூன்று என்று எழுதி வைத்துவிடுவார், மாற்றிப் போடக் கூடாது. உள்விட்டம் அளக்கும் போர் கேஜை விட்டு என்னிடமே காட்டினார். மேலே ரிங் உரசும் இடத்தில் குறுக்கே ஒரு அளவு, நெடுக்கே ஒரு அளவு, வித்தியாசம் 0.12 மில்லி. வட்டமாக இருக்க வேண்டியது முட்டை மாதிரி ஆகியிருந்தது. அதில் எந்த ரிங்கைப் போட்டாலும் எப்படி அடைக்கும்? நகத்துக்கு இதெல்லாம் தெரியாது.

0.25 மில்லி ஓவர்சைஸில் கீறல் போகாது என்று 0.50-க்குப் போனோம். 68.5 மில்லி போர் 69 ஆனது. "போர் பெருசாக்குனா பவர் கூடும்" என்று டீக்கடையில் ஆளாளுக்குச் சொன்னதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 796 சிசி வண்டி 808 சிசி ஆகிறது. பன்னிரண்டு சிசி! அதை வைத்து என்ன செய்ய. காணாமல் போன இழுவை எல்லாம் கசிவில் போனதுதான், அடைத்தால் திரும்பி வரும், அவ்வளவுதான். பெரிய இன்ஜின் மாற்றச் சொன்னவர்களுக்கும் இதைத்தான் சொன்னேன், ஆர்சி புக் தலைவலி தனி.

ஹோனிங், அதாவது கடைந்த சிலிண்டரைக் கல்லால் தேய்த்து மெல்லிய கோடு போடும் வேலை, முடிந்த பிளாக்கை மண்ணெண்ணெயில் துடைக்கக் கூடாது என்றார் அண்ணாச்சி. கல் தூள் அந்தக் கோடுகளுக்குள்ளேயே உட்கார்ந்திருக்குமாம். வீட்டில் வெந்நீர் வைத்து, சோப்புத் தூள் போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, வெள்ளை வேட்டித் துணியால் துடைத்தேன். நாலாவது தடவைதான் துணி வெள்ளையாகவே வந்தது. உடனே ஆயில் தடவணும்; மழைக்காலம், நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஒரு சிலிண்டரில் செம்மண் நிறம் லேசாகப் பிடித்துவிட்டது, திரும்ப ஒரு சுற்று.

கிராங்கில் பேரிங் உட்காரும் ஒரு ஜர்னலில் கோடு விழுந்திருந்தது, 0.25 மில்லி கிரைண்டிங், அதற்கேற்ற பேரிங். ஹெட்டில் இரும்பு ஸ்கேலை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்தால் தாராளமாகப் போனது, ஹெட் வளைந்திருந்தது; அதையும் சீவி, வால்வு சரியாக உட்காரத் தேய்க்கும் லேப்பிங், புது சீல். ஆயில் பம்ப், டைமிங் பெல்ட், கிளட்ச் பிளேட் எல்லாம் புதுசு. ஆம்னி உற்பத்தி 2019-இலேயே நின்றுவிட்டாலும் இன்ஜின் சாமான் இன்னும் கிடைக்கிறது, கார்புரேட்டர் சாமானுக்குத்தான் அலையணும். புது ரிங்கை சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைக் கவிழ்த்து நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியை ஒவ்வொன்றாக அளந்தேன். பூட்டும்போது வாய்கள் ஒரே வரிசையில் வராமல் விலக்கி வைத்தோம். ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றில், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரில் இறுக்கினோம்.

ஆனால் இன்ஜின் ஏன் கெட்டது என்று பார்க்காமல் பூட்டியிருந்தால் மூன்றாவது தடவையும் பிரித்திருப்பேன். ரேடியேட்டரைக் கழற்றிய கடைக்காரர் உள்ளே காட்டினார், பாதிக் குழாய்களில் வெள்ளையாக உப்பு. தப்பு என்னுடையதுதான். கொடைக்குப் போகிற ஊரில் எந்த அடிபம்பு கிடைக்கிறதோ அதிலிருந்து பிடித்து ஊற்றுவேன், தெற்கே பல ஊர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. சூட்டுக்கேற்ப தண்ணீர் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் எப்போதோ யாரோ கழற்றி எறிந்திருந்தார்கள். புது ரேடியேட்டர், புது தெர்மோஸ்டாட், கூலன்ட். எல்லாம் சேர்த்து 34,000 சொச்சம் ஆனது, முதல் தடவை தண்டம் அழுத 9,000 தனி.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் பாரம் ஏற்றவில்லை. ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டினேன், ஐந்நூறில் ஆயில் மாற்றினேன், வடித்த ஆயிலில் மினுமினுப்பாக இரும்புத் தூள் மிதந்ததைப் பார்த்து வயிறு கலங்கி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "புது ரிங்கு அப்படித்தாம்வே, அடுத்த தடவ பாரும்" என்றார். அடுத்த தடவை சுத்தமாக இருந்தது.

இந்த ஆனியில் முழு செட்டோடு நாகர்கோவில் ரோட்டில் போனேன். பணகுடி தாண்டினால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முகத்தில் அறையும், காற்றாலை எல்லாம் தலை தெறிக்கச் சுற்றும். ஆம்னி பெட்டி மாதிரி வண்டி, முன்னெல்லாம் மூன்றாவது கியரில் லாரிக்காரன் திட்டத் திட்ட ஊர்ந்து போவோம். இப்போது காவல்கிணறு வரைக்கும் நாலாவதிலேயே போனது, வேகம் அறுபதுக்குக் கீழே இறங்கவில்லை, சூட்டு முள்ளும் பாதியைத் தாண்டவில்லை. சத்தம் குறைந்ததில் இதுவரை கேட்காத கியர் பாக்ஸ் ஊளை ஒன்று கேட்கிறது. தம்பி அதைக் கேட்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.