ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்: யாருக்குப் பொருந்தும், எங்கே வழுக்கும்

அமெரிக்க வருமான வரிப் படிவம் 1040-இல் பெயருக்கு அருகிலேயே வரும் கேள்வி, ஃபைலிங் ஸ்டேட்டஸ், அதாவது எந்தக் குடும்ப நிலையில் வரி தாக்கல் செய்கிறீர்கள் என்பது. 2025 வரி ஆண்டில் சிங்கிள் என்று போட்டால், வரி போடாமல் கழிக்கும் நிலையான தொகையான ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750 டாலர். ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் (துணையின்றிப் பிள்ளையையோ பெற்றோரையோ தாங்கும் குடும்பத் தலைவர்) என்றால் 23,625. 10, 12 சதவீத வரி அடுக்குகளும் இதில் அகலம். 70,000 டாலர் சம்பளம் மட்டுமே உள்ளவருக்குக் குழந்தைக்கான கிரெடிட்டைக் கழிப்பதற்கு முன்பே வரி 6,849-இலிருந்து 5,225 ஆகக் குறையும். ஆகவே அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் இந்தக் கட்டத்தைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பதில் வியப்பில்லை.

விதிகள் மூன்று. டிசம்பர் 31 அன்று மணமாகாதவராகவோ, சட்டம் அப்படிக் கருதும் நிலையிலோ இருக்க வேண்டும். அந்த ஆண்டின் வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் உங்கள் பணமாக இருக்க வேண்டும். தகுதியான ஒருவர் பாதி ஆண்டுக்கு மேல் உங்களோடு வசித்திருக்க வேண்டும். பலரும் முதல் விதியில் தொடங்குகிறார்கள். மூன்றாவதில் தொடங்குங்கள், பாதிப் பேருக்குக் கணக்கு அங்கேயே முடிந்துவிடும்.

தகுதியானவர் பெரும்பாலும் பிள்ளைதான்: 19 வயதுக்குக் கீழே, முழுநேர மாணவரென்றால் 24-க்குக் கீழே, நிரந்தர ஊனம் இருந்தால் எந்த வயதும். கல்லூரி விடுதியில் இருப்பது தற்காலிகப் பிரிவுதான், வீட்டில் இருந்ததாகவே கணக்கு. நவம்பரில் பிறந்த குழந்தையும் ஆண்டு முழுதும் இருந்ததாகக் கருதப்படும். ஆனால் கூடவே தங்கியிருக்கும் நண்பரோ, மணம் செய்யாமல் சேர்ந்து வாழும் துணையின் பிள்ளையோ டிபென்டென்ட் (வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்தவர்) ஆகலாமே தவிர, இந்த ஸ்டேட்டஸைத் தர மாட்டார்கள்.

பெற்றோருக்கு ஒரு சலுகை உண்டு. அவர்கள் உங்களோடு வசிக்க வேண்டியதில்லை. தனி வீட்டிலோ முதியோர் இல்லத்திலோ இருந்தாலும், ஆண்டு முழுதும் அந்த வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் நீங்கள் கட்டினால் போதும். ஆனால் அவர்கள் உங்கள் டிபென்டென்ட் ஆக இருக்க வேண்டும். நம்மவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். டிபென்டென்ட் என்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ, வரிச் சட்டப்படி ரெசிடென்ட் (அமெரிக்காவில் வசிப்பவர்) ஆகவோ, கனடா அல்லது மெக்சிகோவில் வசிப்பவராகவோ இருக்க வேண்டும். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் எவ்வளவு அனுப்பினாலும் இந்தக் கட்டத்தில் செல்லாது. கிரீன் கார்டு வாங்கி இங்கேயே வந்துவிட்ட பெற்றோர் என்றால், 2025-இல் அவர்களுடைய மொத்த வருமானம் 5,200 டாலருக்குக் கீழே இருக்க வேண்டும். ஊரில் உள்ள வைப்புநிதி வட்டி, வீட்டு வாடகை எல்லாம் அதில் சேரும்.

மனைவியோ கணவரோ இந்தியாவில் இருந்தால்? ஆண்டின் ஏதாவது ஒரு பகுதியில் அவர் நான்-ரெசிடென்ட் ஏலியன் (வரிச் சட்டப்படி இங்கே வசிக்காத வெளிநாட்டவர்) ஆக இருந்து, அவரை ரெசிடென்டாகக் கருதும் விருப்பத்தை நீங்கள் தெரிவிக்கவில்லை என்றால், இந்த ஸ்டேட்டஸுக்கு மட்டும் நீங்கள் மணமாகாதவர். ஆனால் அவரே தகுதியானவர் ஆக முடியாது. பிள்ளை உங்களோடு இங்கே இருக்க வேண்டும். பிள்ளையும் அம்மாவோடு ஊரில் என்றால் கதை முடிந்தது. துணைக்கு அங்கே பெரிய வருமானம் இல்லையென்றால் இருவரும் சேர்ந்து தாக்கல் செய்யும் ஜாயின்ட் ஃபைலிங் பெரும்பாலும் லாபம், டிடக்‌ஷன் 31,500 ஆகும். அதற்கு ஈடாக அவருடைய உலக வருமானம் முழுவதையும் காட்ட வேண்டும். இன்னொன்று, நீங்களே ஆண்டின் ஒரு பகுதி நான்-ரெசிடென்ட் ஆக இருந்திருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

மணமுறிவுக்கு மனுப் போட்டது போதாது, டிசம்பர் 31-க்குள் தீர்ப்பு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் ஒரு வழி உண்டு: ஆண்டின் கடைசி ஆறு மாதமும் துணை அந்த வீட்டில் வசிக்காமல், உங்கள் பிள்ளை பாதி ஆண்டுக்கு மேல் உங்களோடு இருந்து, நீங்கள் தனியாக ஃபைல் செய்வது. வேறு மாநிலத்தில் ப்ராஜெக்டுக்காகப் போயிருப்பது பிரிவு ஆகாது. பிரிந்த பெற்றோரில் பிள்ளை எவர் வீட்டில் அதிக இரவுகள் தங்கியதோ அவருக்குத்தான் இந்த ஸ்டேட்டஸ். படிவம் 8332-இல் கையெழுத்திட்டு, பிள்ளையை டிபென்டென்டாகக் காட்டும் உரிமையை மற்றவருக்கு விட்டுக்கொடுத்தால் சைல்ட் டாக்ஸ் கிரெடிட் மட்டும் போகும், ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் போகாது. "ஒரு வருடம் நீ, ஒரு வருடம் நான்" என்று தீர்ப்பில் எழுதியிருப்பதை நம்பி இருவரும் இதைப் போடுவதுதான் நோட்டீஸ் வர நல்ல வழி.

செலவுக் கணக்குக்கு வருவோம். வாடகை, வீட்டுக் கடனின் வட்டி, சொத்து வரி, வீட்டு இன்சூரன்ஸ், பழுதுபார்ப்பு, மின்சாரம், தண்ணீர், வீட்டில் சாப்பிடும் உணவு ஆகியவை சேரும். கடனின் அசல், உடை, பள்ளிக் கட்டணம், மருத்துவம், கார், சுற்றுலா எதுவும் சேராது. மகளோடு அண்ணன் வீட்டில் வசிக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 24,000, மின்சாரம் முதலானவை 3,600, உணவு 9,600, ஆக மொத்தம் 37,200. பாதி 18,600. உணவு முழுதும் அவர் பொறுப்பு, வாடகைக்கு மாதம் 700 தருகிறார்: 9,600, 8,400, சேர்த்து 18,000. தகுதி இல்லை. மகளின் டேகேருக்கு 12,000 கட்டியதும் உதவாது. வாடகைப் பங்கை மாதம் 60 டாலர் கூட்டியிருந்தால் தாண்டியிருப்பார். ஆனால் அதை ஆண்டு நடக்கும்போதே செய்ய வேண்டும், ஏப்ரலில் அல்ல. ஐஆர்எஸ் வெளியிடும் பப்ளிகேஷன் 501-இல் இதற்கான ஒர்க்‌ஷீட் இருக்கிறது. நிரப்பி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐஆர்எஸ் கேட்டால் என்ன காட்டுவது என்பதை 886-ஹெச்-ஹெச்ஓஹெச் என்ற படிவம் பட்டியலிடுகிறது: உறவுக்குப் பிறப்புச் சான்று, வசிப்புக்கு முகவரியும் தேதியும் உள்ள பள்ளிக் கடிதம் அல்லது மருத்துவப் பதிவு, செலவுக்கு வாடகை ரசீதும் பில்களும். அண்ணனுக்கு ரொக்கமாகக் கொடுத்த வாடகையை நிரூபிப்பது பெரும்பாடு, வங்கி வழியாக அனுப்புங்கள். தகுதி இருந்தும் சிங்கிள் என்று போட்டுவிட்டவர்கள் ஃபைல் செய்த நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் 1040-எக்ஸ் மூலம் திருத்தி ரீஃபண்ட் கேட்கலாம்.