டீசல் அழுத்த சென்சருக்கு எர்த் எங்கே எடுப்பது?

திருகோணமலை கொட்பே துறைமுகத்தில் கட்டும் போட்டுகளின் டீசல் எஞ்சினுக்கு எரிபொருள் அழுத்த சென்சர் பூட்டும்போது பாதிப் பிரச்சினை எர்த் வயரில்தான். மூன்று வயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். 0–30 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) சென்சரில் அழுத்தம் இல்லாதபோது சிக்னல் 0.5 வோல்ட், முழு அழுத்தத்தில் 4.5. ஒரு பிஎஸ்ஐக்கு ஏறக்குறைய 0.13 வோல்ட். எர்த்தை எஞ்சின் பிளொக்கில் பூட்டினால், உப்புப் பிடித்த ஏதோவொரு முனையில் அவ்வளவு வோல்ட் இலகுவாக இழந்துபோகும். மீற்றர் பொய் சொல்லும். தனி வயரில் மீற்றரின் எர்த் முனைக்கே கொண்டுபோங்கள்.

சென்சர் பில்டருக்குப் பின்னால், இன்ஜெக்டர் பம்புக்கு முன்னால் வரவேண்டும். பில்டர் அடைத்தால் அங்கேதான் முள் இறங்கும். எஞ்சினிலேயே நேரே பூட்டாதீர்கள்: அதிர்வில் பித்தளைக் கழுத்து வெடித்து டீசல் சூடான எக்ஸோஸ்டில் தெறிக்கும். டீசலுக்குரிய சின்ன ஹோஸ் போட்டு, சென்சரைப் பலகையில் கிளிப் பண்ணுங்கள். த்ரெட் டேப்பை முதல் புரியில் சுற்றவேண்டாம், துணுக்கு பம்புக்குள் போகும்.

வயர் இணைப்புக்கு வெள்ளீயம் பூசிய வயர், கிரிம்ப் (நெருக்கிப் பூட்டும் முனை), மேலே பசையுள்ள சுருங்கு குழாய். ஈயம் பற்றவைத்தால் அந்த இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்திலேயே முறியும்.

எஞ்சினை ஓடவிடாமல் சாவியை மட்டும் திருப்பி சிக்னலை அளவிடுங்கள். 0.5 வந்தால் சரி. 5க்குக் கிட்டக் காட்டினால் எர்த் அறுந்திருக்கும். 0 என்றால் 5 வோல்ட் வயரைப் பாருங்கள்.